ஈப்போ வரை கார் ஓட்டும் முன்: மான்ஸ்டர் பட ரீமேக்கை எடைபோடுவது எப்படி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிற எங்களுக்குத் தியேட்டர் என்றால் ஈப்போதான். அரை மணி நேரக் கார் ஓட்டம், டிக்கெட், பாப்கார்ன், திரும்பும் வழியில் மாமாக் கடையில் ரொட்டி சானாய், தே தாரிக் என்று கூட்டிப் பார்த்தால் குடும்பத்துக்கு நூறு வெள்ளி கரைந்துவிடும். அப்படி ஒரு தடவை அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு பழைய மான்ஸ்டர் படத்தின் ரீமேக்குக்குப் போனேன். படத்தின் பேர் வேண்டாம். பாதியில் அம்மா என் காதருகே குனிந்து, "ஏன்டா தம்பி, இதுல நாம எதுக்குப் பயப்படணும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்போதெல்லாம் டிக்கெட் எடுக்கும் முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் கேளுங்கள், ஆனால் அதற்கு முன்னால் பழைய படத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கறுப்பு வெள்ளை என்று ஓடாதீர்கள். 1933இல் வந்த கிங் காங் 100 நிமிடம்தான். பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, நகர்த்தி எடுத்த படம். நகர்த்தியவர்களின் விரல் பட்ட இடமெல்லாம் முடி கலைந்து, திரையில் காங்கின் ரோமம் சும்மாவே சிலிர்த்துக்கொண்டிருக்கும். அது தவறுதான், ஆனாலும் அதைப் பார்த்தால் அதற்கு உயிர் இருக்கிற மாதிரி தோன்றும். பீட்டர் ஜாக்சன் 2005இல் அதையே மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்தார். காங் முகத்தைக் காட்டவே ஒரு மணி நேரம் தாண்டிவிடும். வீட்டில், நடுவில் எழுந்து தேநீர் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய படம் அது.

சரி, அம்மாவின் கேள்விக்கு வருவோம். இன்விசிபிள் மேன் 1933இல் வந்தபோது, கண்ணுக்குத் தெரியாமல் போன விஞ்ஞானிக்கு மருந்தே பைத்தியம் பிடிக்க வைக்கும், கதை முழுக்க அவன் ஆட்டம்தான். 2020இல் லீ வானல் அதை எடுத்தபோது கதையை அவனிடமிருந்து பிடுங்கி, அவன் பிடியிலிருந்து தப்பி ஓடிய பெண்ணிடம் கொடுத்துவிட்டார். அவள் சொல்வதை யாருமே நம்ப மாட்டேன் என்கிறார்கள், அதுதான் அந்தப் படத்தின் பயம், காலி நாற்காலியைக் காட்டினால்கூட நமக்கு வியர்க்கிறது. புருஷன் நல்லவன் என்று ஊரே சொல்ல, உள்ளே அடி வாங்குகிற அக்காக்களை நம் தோட்டத்து லயத்து வீடுகளிலும் பார்த்திருக்கிறோமே. இப்படி, அதே பூதம் புதுசாக எதையாவது சுட்டிக் காட்டினால் தைரியமாகப் போங்கள்.

தி ஃபிளை படமும் அப்படித்தான். 1958இல் மனிதனுக்கு ஈயின் தலை வந்துவிடும். 1986இல் டேவிட் குரோனன்பர்க் அதை உடம்பை மெல்ல மெல்லத் தின்னும் நோயாக மாற்றினார். சாப்பிட்டுக்கொண்டு பார்க்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

முதல் வார விமர்சனத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஜான் கார்ப்பென்டரின் தி திங் 1982இல் வந்தபோது வசூலும் சரியில்லை, விமர்சகர்களும் திட்டித் தீர்த்தார்கள். அதற்கு மூலமான 1951 படத்தில் பனிக்குள்ளிருந்து வந்தது தனி ஒரு ஆள் மாதிரியான வேற்றுக்கிரக உயிர், அடையாளம் தெரியும். கார்ப்பென்டர் படத்தில் அது யார் உருவத்தையும் எடுக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பனாகவே இருக்கலாம். யார் மனிதன், யார் அது என்று சூடான கம்பியை ரத்தத்தில் வைத்துச் சோதிக்கும் காட்சியை நான் இன்னும் முழுசாகக் கண் திறந்து பார்த்ததில்லை. அதே பேரில் 2011இல் முன்கதை ஒன்று வந்தது. கையால் செய்த உருவங்களைப் படம்பிடித்துவிட்டு, பிறகு பெரும்பாலும் அவற்றின் மேல் கணினி வரைகலையைப் பூசிவிட்டார்கள். வழவழவென்று இருக்கும், பயம் வராது.

இன்னொரு எச்சரிக்கை: படம் வருவதற்கு முன்பே "இது ஒரு பெரிய வரிசையின் தொடக்கம்" என்று விளம்பரம் வந்தால் காத்திருங்கள். 2017 தி மம்மி அப்படி ஒரு வரிசையைத் தொடங்கத்தான் வந்தது, வரிசை அதோடு நின்றது. 1999இல் வந்த மம்மியோ பயமுறுத்தவே முயலவில்லை, ஜாலியான சாகசக் கதை. பிள்ளைகளோடு பார்க்க நான் அதைத்தான் போடுவேன்.

காட்ஸில்லா விஷயம் கொஞ்சம் வேறு. 1954 மார்ச்சில் அமெரிக்காவின் ஹைட்ரஜன் குண்டுச் சோதனைச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது, அந்த நவம்பரிலேயே, குண்டுச் சோதனையால் கிளம்பி வரும் ராட்சத மிருகத்தின் கதையாகப் படம் வந்துவிட்டது. பார்த்த ஜனங்களுக்கு அது வெறும் கதை இல்லை. 1998இல் அதை நியூயார்க்கில் முட்டையிடும் பல்லியாக்கினார்கள். 2023இல் வந்த காட்ஸில்லா மைனஸ் ஒன் திரும்பவும் போர் முடிந்த ஜப்பானுக்கே போனது, போரிலிருந்து உயிரோடு திரும்பியதற்காக வெட்கப்படுகிற ஒருவனின் கதை. இதற்கு ஈப்போ என்ன, கோலாலம்பூருக்கே கார் ஓட்டலாம்.

கடைசியாக நம்ம நாட்டுப் பூதம், பொந்தியானாக்: பிரசவத்தில் செத்த பெண்ணின் பேய், வாழை மரத்தில் குடியிருக்கும் என்பார்கள். 1957இல் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் பி. என். ராவ் எடுத்து, மரியா மெனாடோ நடித்த பொந்தியானாக் படத்தின் பிரதி இன்று கிடையாது. அதே ஆண்டு வந்த இரண்டாம் பாகம் டெண்டாம் பொந்தியானாக்கும் போய்விட்டது. அந்தப் பேரை வைத்துக்கொண்டு 2019இல் ஒரு படம் வந்தது, 1965இல் கம்பத்து (மலாய்க் கிராமத்து) கல்யாண வீட்டில் நடக்கும் கதை. மூலமே இல்லாதபோது ரீமேக்கை எதோடு ஒப்பிடுவது? அதனால் ஒப்பிடாமல் பாருங்கள்.

அதை வீட்டில் போட்டபோது அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ராத்திரியில அந்தப் பேரை எடுக்காதடா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய், வாழை மரம் இருக்கிற பக்கத்து அடுப்படி ஜன்னலைச் சாத்தினார்.