வேலிப் பிணக்கோடு இணக்கசபைக்குப் போகிறவர்கள் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் அயல்வீட்டுச் சண்டை பல நேரம் வேலிக்கு ஊன்றும் உயிர்த்தடியான ஒரு கதியாலில்தான் தொடங்கும். வேலி அடைக்கும்போது பட்டுப்போன கிளுவையைப் பிடுங்கிவிட்டுப் புதியதை ஊன்றுவார்கள். பழைய குழியில் அல்ல, நாலு விரல் தள்ளி. அடுத்த முறை இன்னும் நாலு விரல். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று கணக்குப் பார்க்கிற ஊரில் நாலு விரலும் காணிதான்.

இப்படியான பிணக்குகள் போகும் இடம் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. 1958இல் வந்த பழைய சபைகளின் பெயர் நாக்கில் ஒட்டிக்கொண்டதால் எங்கள் பக்கத்தில் இன்னும் 'இணக்கசபை' என்றே சொல்வார்கள். பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் ஏதாவது பள்ளிக்கூட வகுப்பறையில் கூடும். மூன்று மத்தியஸ்தர்கள் இருந்து கேட்பார்கள். உங்களுக்காகச் சட்டத்தரணி வந்து பேச முடியாது.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருப்பதைப் பார்த்ததும் பலர் இதை நீதிமன்றம் என்று நினைத்துவிடுகிறார்கள். காணி உறுதிப் பத்திரத்தையும் நில அளவைப் படத்தையும் மேசையில் வைத்து, "ஐயா, நீங்களே ஒரு தீர்ப்பைச் சொல்லுங்கோ" என்கிறார்கள். மத்தியஸ்தர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமே இல்லை. நீங்கள் பேசவேண்டியது பக்கத்துக் கதிரையில் இருக்கிற அயலவரோடு. உறுதியைக் கட்டாயம் கொண்டுபோங்கள், ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

ஏனென்றால் வேலிச் சண்டை பல நேரம் வேலியைப் பற்றியதே அல்ல. ஒருமுறை நான் பார்த்தது: ஓர் அம்மா ஒரு மணி நேரமாகப் பூவரசம் இலை முற்றத்தில் கொட்டுவதைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்தார் மரத்தையே தறிப்பதாகச் சொல்லியும் முகம் மாறவில்லை. கடைசியில்தான் வந்தது: "என்ர மனுசன் செத்த அண்டைக்குக்கூட இவை எட்டிப் பார்க்கேல்லை." அப்புறம் மரத்தைப் பற்றிப் பேசப் பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. பழையதைக் கிளறக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஒருமுறை சொல்லிவிடுங்கள், ஆனால் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். சபையில் பேசியதைப் பின்னர் வழக்கில் சாட்சியமாக எடுக்க முடியாது என்பதால் தயங்கத் தேவையில்லை.

மனம் இளகிய அந்த நேரத்தில்தான் அடுத்த பிழையும் நடக்கும். 'இனி ஒற்றுமையாக இருப்போம்' என்று எழுதி இருவரும் கையொப்பம் வைத்துவிட்டுப் போவார்கள். ஆறு மாதத்தில் அதே ஆட்கள் அதே வகுப்பறையில் இருப்பார்கள். மாமரக் கிளை வெட்டுவதென்றால் எந்தக் கிளை, எந்தத் திகதிக்குள், கூலி யார் கொடுப்பது, வெட்டின தடி யாருக்கு என்பது வரை எழுதுங்கள். சிரிக்காதீர்கள், தடியால் வந்த சண்டையும் உண்டு. பொதுக்கிணறு என்றால் உறுதியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் பற்றி ஒரு வரி இருக்கும். அதை வாசித்துப் பார்த்துவிட்டு, யார் எத்தனை மணிக்கு மோட்டர் போடுவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வெளிநாட்டுப் பிரச்சினை தனி. வீட்டில் இருப்பது தாய், காணி கனடாவில் இருக்கிற மகனின் பெயரில். தாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், இரவு தொலைபேசியில் மகன் முடியாது என்பார். காணியைப் பற்றி இணங்கவேண்டி வரும் என்று தெரிந்தால் மகனிடம் முன்கூட்டியே கேட்டு, அவருக்காகக் கையொப்பம் வைக்க அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் எடுத்து வையுங்கள். காணிப் பிணக்குகளுக்கென்றே வடக்கு, கிழக்கில் விசேட மத்தியஸ்த சபைகளும் இருக்கின்றன. உங்கள் பிணக்கு எங்கே போகவேண்டும் என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

அழைப்புக் கடிதம் வந்தும் போகாமல் விடுவது கெட்டித்தனம் இல்லை. எதிர்த்தரப்பு, 'இணக்கம் காணவில்லை' என்ற சான்றிதழை வாங்கிக்கொண்டு நேரே வழக்குக்குப் போகலாம். அதேபோல, ஊர் பார்க்கிறதே என்ற வெட்கத்தில் விருப்பமில்லாமல் கையொப்பம் வைக்கவும் வேண்டாம். இணங்காமல் எழும்பி வருவதும் உங்கள் உரிமைதான்.

இணங்கிவிட்டால், எல்லைக் கதியாலை இரு வீட்டாரும் நிற்கும்போதே ஊன்றுங்கள். ஐப்பசி மழைக்குள் ஊன்றினால் தளிர்த்துவிடும்.