பத்மநாபபுரம் போகிறீர்களா? கிழமையைப் பாருங்கள்

தக்கலை அருகே இருக்கும், பழைய திருவிதாங்கூர் மன்னர்களின் பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. குமரி மாவட்டத்துக்குள் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. இது தெரியாமல் ஞாயிறன்று கன்னியாகுமரியைச் சுற்றிவிட்டு, மறுநாள் காலையில் குழந்தைகளோடு வந்து பூட்டிய வாசலில் நிற்கும் குடும்பங்களைப் பார்த்தால் மனம் கஷ்டப்படுகிறது. மதியம் உணவு இடைவேளையும் உண்டு. அதனால் காலை ஒன்பது மணிக்கே போய்விடுங்கள்.

செருப்பை வெளியில் விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். அது நல்லதுதான். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து மெழுகிய கறுப்புத் தரையின் குளிர்ச்சி வெறுங்காலுக்குத்தான் தெரியும். கொஞ்சம் குனிந்து பாருங்கள், ஜன்னல் வெளிச்சம் அதில் கண்ணாடிபோல மின்னும். முகப்பு மண்டபத்தில் அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள். மரக்கூரை முழுக்கப் பூ வேலைப்பாடு.

திரும்பும்போது புலியூர்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் நுழையுங்கள். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படைத்தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். கல்லறைக் கல்லில் லத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் இடம் அது.

பள்ளத்தாக்குக்கு மேலே தண்ணீர் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நூறடிக்கு மேல் உயரம், பாதை குறுகல். சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.