பண ஆங்கிலத்தைக் கணக்கு நோட்டிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள்

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டிக்குக் கணக்கெழுதப் போனபோது எனக்கு வயது 23. தினமும் செங்கோட்டையிலிருந்து காலை பஸ். எங்கள் மண்டிச் சரக்கில் பெரும்பகுதி புளியரை செக்போஸ்ட் தாண்டி, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் போகும். அந்தப் பக்கத்து வியாபாரிகள் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், படிக்கத்தான் வராது. எனக்கு மலையாளம் எழுத வராது. அதனால் பாக்கி விவரத்தைப் போனில் ஆங்கிலத்தில் அனுப்புவது வழக்கம்.

ஒரு வியாபாரி எங்களுக்கு 18,500 ரூபாய் தர வேண்டியிருந்தது. நான் 'வீ ஓ யூ 18,500' (We owe you) என்று அனுப்பிவிட்டேன். நாங்கள் அவருக்குத் தர வேண்டும் என்று அர்த்தம் மாறிப்போனது. மறுநாள் லாரி டிரைவரிடம் அந்தப் பணத்தைக் கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டார் அவர். முதலாளி திட்டவில்லை, போன் போட்டுப் பேசிச் சரிசெய்தார். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் நல்ல மார்க் வாங்கியவள் நான். எந்த வார்த்தையில் பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

இப்போது என் வீட்டு வராண்டாவில் சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். சிலருக்கு பேங்க் பரீட்சை, சிலர் நர்சிங் முடித்து வெளிநாடு போகக் காத்திருப்பவர்கள். அவர்களுக்குச் சொல்லித் தருவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் அன்றைய வரவு செலவைத் தமிழில் எழுதுங்கள், உண்மையான தொகையோடு. வலது பக்கம் அதே வரிகளை ஆங்கிலத்தில். ஒரு நாளைக்கு மூன்று வரி போதும். பக்கத்து வீட்டு அக்காவிடம் 500 ரூபாய் வாங்கியது உங்களுக்கு நினைவிருக்கும், அதோடு சேர்ந்து அந்த வார்த்தையும் நினைவில் நிற்கும்.

முதல் வாரம் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அம்புக்குறி போடுங்கள். கையை விட்டுப் போகிற பணத்துக்கு வெளியே பார்த்த அம்பு, வருகிற பணத்துக்கு உள்ளே பார்த்த அம்பு. தமிழில் 'கடன்' ஒரே சொல்தான். கொடுத்தேன், வாங்கினேன் என்று வினையைச் சேர்த்தால் திசை தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் திசை அந்த ஒற்றைச் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. 'லெண்ட்' என்றால் வெளியே, 'பாரோ' என்றால் உள்ளே. லெண்டுக்குப் பின்னால் 'டு' வரும், பாரோவுக்குப் பின்னால் 'ஃப்ரம்' வரும். 'ஓ' என்பதற்கு அம்பே கிடையாது, பணம் இன்னும் நகரவில்லை. யார் தர வேண்டுமோ அவர் பெயர் முதலில் வரும். நான் தவறியது இந்த இடத்தில்தான். 'யூ ஓ அஸ் 18,500' என்று எழுதியிருக்க வேண்டும்.

உச்சரிப்பு ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடன் என்ற பொருளில் வருவது 'டெட்' (debt). எழுத்தில் நடுவே 'பி' இருக்கும், வாயில் வரக்கூடாது. அதேபோல் 'ரிசீட்'டிலும் (receipt) ஒரு 'பி' சும்மா உட்கார்ந்திருக்கும்.

நம் ஊர் ஆங்கிலத்தில் சில சொற்கள் எல்லை தாண்டினால் செல்லாது. கைமாற்றை நாம் 'ஹேண்ட் லோன்' என்போம், லண்டன்காரருக்குப் புரியாது. 'ஐ பாரோட் 500 ஃப்ரம் எ ஃப்ரெண்ட்' என்றால் போதும். 'அரியர்' இன்னும் சிக்கல். நம் காலேஜ் பிள்ளைகளுக்கு அது பெயிலான பேப்பர். வெளிநாட்டுக்காரர் காதில் அது கட்டாத பாக்கி. 'ஐ ஹேவ் த்ரீ அரியர்ஸ்' என்று நேர்முகத் தேர்வில் சொன்னால் என்ன நினைப்பார் என்று யோசியுங்கள். வாடகையோ தவணையோ நின்றுபோயிருந்தால் 'இன் அரியர்ஸ்' என்பார்கள், அந்தப் பொருளில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரம், நீங்கள் போய்வந்த ஒரு பயணத்தின் செலவை முழுதாக எழுதுங்கள். கொல்லத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததாக வைத்துக்கொள்வோம். பஸ்ஸுக்கு 'ஃபேர்', டாக்டருக்கு 'ஃபீ', தங்கிய அறைக்கு 'ரெண்ட்', மருந்தின் விலை 'ப்ரைஸ்', எல்லாம் கூட்டினால் 'காஸ்ட்'. மாதத்துக்கு வருவது 'சேலரி', நாள் கணக்கிலோ மூட்டைக் கணக்கிலோ வருவது 'வேஜஸ்'. எல்லைக்கு அந்தப் பக்கம் சரக்கிறக்கியவர்களுக்கு ஒரு சொல் நன்றாகத் தெரியும், 'நோக்குகூலி'. சுமையைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கேட்கும் கூலி. 2018 மே 1 முதல் கேரள அரசு அதைத் தடை செய்தது. ஆங்கிலப் பத்திரிகைகள் அதை 'காக்கிங் வேஜஸ்' (gawking wages) என்று எழுதின, 'சேலரி' என்று எழுதவில்லை. இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் அதிலேயே தெரிகிறது.

அப்புறம்தான் மரபுத்தொடர்கள். பிள்ளைகளுக்கு ஆசை இதில்தான், தவறுவதும் இதில்தான். நான் அவற்றை மூன்று கட்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

நம்மிடம் அப்படியே இருப்பவை முதல் கட்டு. பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறான் என்பதற்கு 'ஸ்பெண்ட் மனி லைக் வாட்டர்', பணம் மரத்திலா காய்க்கிறது என்பதற்கு 'மனி டஸின்ட் க்ரோ ஆன் ட்ரீஸ்'. இவற்றுக்கு உழைப்பே வேண்டாம்.

இரண்டாவது கட்டு, நெருங்கி வந்து கொஞ்சம் விலகுபவை. நாம் 'ஆனை விலை குதிரை விலை சொல்கிறான்' என்கிறோம். அவர்கள் 'இட் காஸ்ட் மீ அன் ஆர்ம் அண்ட் எ லெக்' என்கிறார்கள், ஒரு கையும் ஒரு காலும் விலையாகப் போனது என்று. நாம் விற்பவன் சொல்லும் விலையைப் பார்த்துச் சொல்கிறோம், அவர்கள் பெரும்பாலும் கொடுத்து முடித்த வலியில் சொல்கிறார்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தேன் என்போம் நாம். 'டைட்டன் அவர் பெல்ட்ஸ்' அதன் பக்கத்தில் வரும், ஆனால் அது வருமானம் குறைந்தபோது செலவைச் சுருக்குவது. 30 வருடம் நகைக்குச் சேர்த்த அம்மாவைப் பற்றிப் பேச அது உதவாது.

'பென்னி வைஸ் அண்ட் பவுண்ட் ஃபூலிஷ்' எனக்கு மிகவும் பிடித்தது. 1971 பிப்ரவரி 15 வரை இங்கிலாந்தில் ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. அந்த ஒரு பென்னியைப் பிடித்துக்கொண்டு பவுண்டைக் கோட்டைவிடுவது. கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்று நாம் சொல்வது இதைத்தான். லோடு லோடாகப் பூசணி ஏற்றிய மண்டியில் இருந்தவள் என்பதால் இதை விளக்க எனக்கு நேரமே ஆவதில்லை.

மூன்றாவது கட்டு, நம் ஊரில் தலைகீழாகப் போகிறவை. 'சேவ் ஃபார் எ ரெய்னி டே' என்று சொல்லிக்கொடுத்தபோது ஒரு பெண் குழம்பிப்போனாள். அவள் அப்பா குற்றாலத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். ஆனி பிறந்து சாரல் விழுந்தால்தான் அந்த வீட்டில் காசு புழங்கும், ஸ்கூல் ஃபீஸ் கட்டுவதும் அப்போதுதான். மழை நாளுக்குச் சேர்த்துவை என்றால் அவளுக்கு எப்படிப் புரியும்? ஆங்கிலேயருக்கு மழை என்றால் வெளிவேலை நின்றுபோகும் கெட்ட நாள். சாரல் பொய்த்த வருடத்துக்கென்று எடுத்துவைப்பதுதான் உனக்கு 'ரெய்னி டே' என்றேன். உடனே எழுதிக்கொண்டாள். இப்படிப்பட்ட தொடர் வரும்போது யாருடைய வானத்தின் கீழே அது பிறந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மனிதர்களைப் பற்றிய சொற்களில் கவனம் வேண்டும். வசதியானவர்கள் என்று மரியாதையாகச் சொல்ல 'வெல் ஆஃப்'. 'லோடட்' நண்பர்களுக்குள் மட்டும். 'ஃபில்தி ரிச்'சில் ஓர் அருவருப்பு இருக்கிறது. கையில் காலணா இல்லாத மாசக் கடைசிக்கு 'ப்ரோக்', சட்டப்படி திவாலானால்தான் 'பேங்க்ரப்ட்'. சிக்கனமானவரை 'த்ரிஃப்டி' என்றால் பாராட்டு, 'சீப்' என்றால் கஞ்சன் என்று வைவது.

ஆங்கிலம் முழுக்க அந்நியம் என்று பயப்படும் பிள்ளைகளுக்கு நான் ஒரு கதை சொல்வேன். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமை. என் பாட்டி சக்கரத்தில் கணக்குச் சொல்வாள். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அந்தக் காசு நாணயத்தில் ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று பொறித்திருக்கும். ரொக்கம் என்ற 'கேஷ்' பெட்டியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது, ஆனால் சிறு நாணயம் என்ற 'கேஷ்' போர்ச்சுக்கீசியர் வாய்வழி போன நம் காசுதான். இன்னொன்று. குறள் 400இல் 'மாடு' என்றால் செல்வம். லத்தீனிலும் மந்தைக்கான சொல்லிலிருந்தே பணத்துக்கான சொல் பிறந்து, ஆங்கிலத்தில் 'பெக்யூனியரி' ஆனது. 'கேட்டில்', 'கேப்பிட்டல்' இரண்டும் ஒரே வேர். மாட்டை வைத்துச் செல்வத்தை எண்ணியவர்கள் நாமும்தான்.

மூன்றாவது வாரம் சீட்டுக் கணக்கை ஆங்கிலத்தில் எழுதுங்கள். தமிழில் ஏற்கெனவே தெரிந்த விஷயம், புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கம் இதைச் 'சிட்டி' என்பார்கள், 1969 முதல் கேரள அரசு நிறுவனமே நடத்துகிறது. 1982ஆம் வருடத்துச் சீட்டு நிதிச் சட்டத்தில் முதலில் இருந்த சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள், 2019 திருத்தத்தில் அவற்றில் சில மாறிவிட்டன. 20 பேர், ஆளுக்கு 5,000, மொத்தம் ஒரு லட்சம். கட்டுகிறவர் 'சப்ஸ்க்ரைபர்', நடத்துகிறவர் 'ஃபோர்மேன்'. ஒருவர் 15,000 தள்ளி எடுக்கிறார், அந்தத் தள்ளு 'டிஸ்கவுண்ட்'. அவர் கைக்கு வரும் 85,000 'ப்ரைஸ் அமௌண்ட்'. தள்ளில் 5,000 கமிஷன் போக மீதி 10,000ஐப் பிரித்தால் ஆளுக்கு 500, அது 'டிவிடெண்ட்'. பரிசுக்கான 'ப்ரைஸ்' முடியும்போது வண்டு ரீங்காரம்போல் அதிர வேண்டும். விலைக்கான 'ப்ரைஸ்' பாம்பு சீறுவதுபோல் முடியும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் வாய்விட்டுப் பழகினால்தான் வரும்.

கடைசியாக எண்கள். லட்சமும் கோடியும் வெளிநாட்டில் செல்லாது. 10 லட்சம் ஒரு மில்லியன், 1 கோடி 10 மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன். காற்புள்ளியும் இடம் மாறும். நம் 12,50,000 அங்கே 1,250,000. பேச்சில் ஆயிரத்துக்கு 'கிராண்ட்', டாலருக்கு 'பக்', பவுண்டுக்கு 'க்விட்'. க்விட்டுக்குப் பன்மையில் 'ஸ்' சேர்க்கக் கூடாது, 20 க்விட் என்றே சொல்வார்கள். தினமும் காலையில் பேப்பரில் வரும் ஒரு பெரிய தொகையை எடுத்து, முதலில் நம் கணக்கில், பிறகு அவர்கள் கணக்கில் சத்தமாக வாசியுங்கள். நர்சிங் முடித்த பிள்ளைகளை நான் சம்பளக் கடிதத் தொகைகளை வைத்தே இதைச் செய்யச் சொல்கிறேன். மாதத்துக்கா வருடத்துக்கா என்று காட்டும் 'பெர் மந்த்', 'பெர் ஆனம்' என்ற சொற்களை முதலில் தேடிப் பிடித்த பிறகுதான் எண்ணையே வாசிக்க வேண்டும்.