பள்ளி திறந்தாச்சு: அரசு தொடக்கப் பள்ளிப் பெற்றோர் முதல் இரண்டு மாதத்தில் செய்ய வேண்டியவை

பிள்ளையை இப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறீர்களா? ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியோ, நகராட்சி, மாநகராட்சிப் பள்ளியோ, தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி எதுவானாலும் இந்த விளக்கம் உங்களுக்குத்தான். சீருடை, புத்தகம், பை பற்றியெல்லாம் பக்கத்து வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய் ஒரு காரியத்தை எப்படி முடித்துக்கொண்டு வருவது என்று சொல்லித் தர ஆள் குறைவு. அதனால் முன்பாதியை வேகமாகக் கடந்துவிட்டு, அந்த இடத்தில் நிதானமாக உட்காரப் போகிறேன்.

படி 1: திறக்கும் தேதியைப் பள்ளியிலேயே கேளுங்கள்

ஜூன் முதல் வாரம் என்பது பொதுவான கணக்கு. வெயில் அதைத் தள்ளிவிடும். 2023இல் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஜூன் 14ஆம் தேதிதான் திறந்தார்கள். 2024இல் ஜூன் 6 என்று அறிவித்துவிட்டு ஜூன் 10க்கு மாற்றினார்கள். 2025இல் ஜூன் 2. மே மாதக் கடைசியில் வாட்ஸ்அப்பில் வரும் அறிவிப்புப் படத்தில் எந்த ஆண்டு போட்டிருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். சந்தேகம் இருந்தால் எச்.எம்.முக்கு ஒரு போன், அவ்வளவுதான்.

படி 2: சரியான செல்போன் எண்ணைக் கொடுங்கள்

பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், புகைப்படம் கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை என்றாலும் சேர்க்கையைத் தள்ளிப்போட வேண்டாம். வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காக ஒரு குழந்தையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 14ஆவது பிரிவில் சொல்கிறது. சேர்த்த பிறகு நிதானமாக வாங்கிக் கொடுக்கலாம்.

செல்போன் எண் விஷயத்தில்தான் பலரும் அசட்டையாக இருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் எண் எமிஸ் என்கிற மாணவர் பதிவேட்டில் ஏறும். துறையிலிருந்து வரும் செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும். பெற்றோருக்கான ‘டி.என்.செட் பேரண்ட்ஸ்’ செயலியில் நுழையவும் அதே எண்தான் வேண்டும். ரீசார்ஜ் தீர்ந்து கிடக்கும் எண்ணையோ, வெளியூரில் வேலை பார்க்கும் சித்தப்பாவின் எண்ணையோ கொடுத்துவிட்டு, எங்களுக்கு எந்தத் தகவலும் வருவதில்லை என்று வருத்தப்படக் கூடாது. தினமும் பிள்ளையோடு இருப்பவர் யாரோ, அவர் எண்ணைக் கொடுங்கள். எண் மாறினால் அன்றைக்கே டீச்சரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

படி 3: ஒரு முறை வகுப்பறைக்குள் போய்ப் பாருங்கள்

முதல் இரண்டு வாரத்துக்குள், காலையில் பிள்ளையை விடப் போகும்போது எச்.எம்.மிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். கரும்பலகையின் மூலையில் சின்னதாக இரண்டு எண் எழுதியிருக்கும்: பதிவு, வருகை. மொத்தம் எத்தனை பேர், இன்றைக்கு எத்தனை பேர். பதிவு 24, வருகை 15 என்றால் வீட்டுக்கு வந்து அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டிய செய்தி அது.

இரண்டே ஆசிரியர்கள் இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 120 வரை நான்கு என்பது சட்டத்திலேயே உள்ள கணக்கு. அதனால் சின்னப் பள்ளிகளில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இந்த நிலைமைக்கு ஏற்ற மாதிரிதான் அமைந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை வாரியாகப் பிரித்துப் பாடம் நடத்துவார்கள். கொரோனா காலத்தில் பள்ளி மூடிக் கிடந்ததில் விட்டுப்போன எழுத்தையும் எண்ணையும் மீட்டெடுக்க வந்த திட்டம் அது.

ஆகவே டீச்சரிடம் ‘என் பையன் எத்தனையாவது ரேங்க்’ என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. ‘தமிழ்ல அரும்பா, மொட்டா? கணக்குல எதுல இருக்கான்? அடுத்ததுக்குப் போக வீட்டுல என்ன சொல்லிக் கொடுக்கணும்?’ என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பத்து நிமிட வேலைதான் பதிலாக வரும். உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றால் அதையும் தயங்காமல் சொல்லிவிடுங்கள். படம் பார்த்துக் கதை சொல்ல வைப்பது, புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கூறு வைத்து எண்ணச் சொல்வது என்று அதற்குத் தகுந்த வேலை தருவார்.

காலை உணவையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம். மணி அடிப்பதற்கு முன்பே பரிமாறி முடித்துவிடுவார்கள். பிள்ளை அங்கே சாப்பிட வேண்டும் என்றால் அதற்கு ஏற்ற நேரத்தில் கொண்டுபோய் விட வேண்டும். கிராமங்களில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்; பலருடைய பிள்ளைகளும் அதே பள்ளியில்தான் படிக்கிறார்கள். உப்புமாவில் ரவை கட்டிதட்டுகிறதா, என்ன குறை என்பதை அந்த அக்காவிடமே நேராகப் பேசிவிடலாம்.

படி 4: குழுவில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் 20 பேர் கொண்ட குழுக்களாக மறுகட்டமைப்பு செய்தார்கள். 2024 ஆகஸ்டில் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். தலைவர் பெற்றோரில் ஒருவர். எச்.எம். கூட்டத்தைக் கூட்டுபவர்.

இதையும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கழகம் வெகுகாலமாக இருப்பது, அதன் கணக்கு வழக்கு தனி. மேலாண்மைக் குழு சட்டத்தால் வந்தது. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அதன் வேலை என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே கணக்குக் கேட்பதை யாரும் வம்பு என்று நினைக்கத் தேவையில்லை.

உறுப்பினர் பெயர்ப் பட்டியல் பள்ளிச் சுவரிலோ தகவல் பலகையிலோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எச்.எம்.மிடம் கேளுங்கள். அதில் உங்கள் தெருக்காரர் ஒருவராவது இருப்பார். அவரைப் போய்ப் பாருங்கள். சில ஊர்களில் அவருக்கே தான் உறுப்பினர் என்பது மறந்து போயிருக்கும்!

படி 5: ஒரே ஒரு கோரிக்கையைத் தேர்ந்தெடுங்கள்

இந்த விளக்கத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதென்றால் இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள். முதல் கூட்டத்துக்குப் போகிறவர்கள் சுற்றுச்சுவர், ஸ்மார்ட் வகுப்பு, கூடுதல் ஆசிரியர், விளையாட்டுத் திடல் என்று ஒரு முழுப் பட்டியலோடு போவார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ‘அடிப்படை வசதிகளை மேம்படுத்த ஆவன செய்யத் தீர்மானிக்கப்பட்டது’ என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவார்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு யாரிடமும் எதுவும் கேட்க முடியாது.

சின்னதாக, கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடியதாக ஒன்றை எடுங்கள். கழிப்பறைத் தாழ்ப்பாள் நல்ல உதாரணம். தாழ்ப்பாள் உடைந்த கழிப்பறைக்கு நாலாவது, ஐந்தாவது படிக்கும் பெண் பிள்ளைகள் போக மாட்டார்கள். போகக் கூடாது என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். சாயங்காலம் உங்கள் பிள்ளையின் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். காலையில் கொடுத்தனுப்பிய கனத்திலேயே இருந்தால் கழிப்பறையைப் பற்றி விசாரிக்க வேண்டும். ஒரு தாழ்ப்பாளுக்கும் ஆசாரி கூலிக்கும் என்ன ஆகிவிடப் போகிறது? ஆனால் யாராவது எழுத வைக்கும் வரை அது ஆண்டுக் கணக்கில் அப்படியே கிடக்கும்.

படி 6: கூட்டத்துக்குப் போங்கள், எழுத வையுங்கள்

கூட்டம் மாதம் ஒரு முறை, வழக்கமாக ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் நடக்கும். எந்த வெள்ளி என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கும் மில் ஷிப்டில் இருப்பவர்களுக்கும் மூன்று மணிக் கூட்டம் தோதுப்படாது. நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லி உறுப்பினர் மூலமாகக் கேட்கலாம். நீங்கள் உறுப்பினராக இல்லாவிட்டாலும் எச்.எம்.மிடம் சொல்லிவிட்டுக் கூட்டத்தில் வந்து உட்காரலாம், இல்லையென்றால் கோரிக்கையை எழுதி உறுப்பினர் கையில் கொடுத்தனுப்பலாம்.

கூட்டத்தில் பேசுவது பெரிய காரியம் இல்லை. இப்படித் தொடங்கினால் போதும்: ‘சார், பொம்பளப் பிள்ளைங்க பாத்ரூம்ல ரெண்டு கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை. இந்த மாசத்துக்குள்ள போட்டுடலாமா? இதைத் தீர்மானத்துல எழுதிடுங்க.’ மற்ற ஊர்க்கதைகளை அன்றைக்கு எடுக்க வேண்டாம். ஆசிரியரைக் குறை சொல்லவும் வேண்டாம். இந்தத் தாழ்ப்பாள் அவருக்கும் தேவைதான்.

தீர்மானப் பதிவேட்டில் ஏற வேண்டிய வரி கிட்டத்தட்ட இப்படி இருக்க வேண்டும்:

“பெண் குழந்தைகள் கழிப்பறையின் இரண்டு கதவுகளுக்கும் தாழ்ப்பாள் பொருத்துவது எனத் தீர்மானிக்கப்பட்டது. செலவு: பள்ளி மானியத்திலிருந்து. பொறுப்பு: தலைமையாசிரியர் மற்றும் குழுத் தலைவர். அடுத்த கூட்டத்துக்குள் முடித்துத் தெரிவிக்க வேண்டும்.”

என்ன வேலை, எந்தக் காசு, யார் பொறுப்பு, எப்போதுக்குள். நான்கும் இருக்கிறதா என்று படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் ‘சும்மா ஒரு சைன்’ கேட்டால் போடாதீர்கள். சிரித்துக்கொண்டே, ‘எழுதிடுங்க சார், போட்டுடறேன்’ என்று சொன்னால் போதும். தீர்மானங்களைச் செயலியிலும் ஏற்ற வேண்டும். ஏற்றியாயிற்றா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மானியம் எவ்வளவு என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வழிகாட்டுதலில், ஓர் ஆண்டுக்கு 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000. அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மை சார்ந்த செலவுக்கு. இது ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து போடும் பணம். ஒன்றிய அரசு தன் பங்கை நிறுத்தி வைத்து, 2025இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் வரை போன கதை செய்திகளில் வந்ததுதான். ஆகவே ‘இந்த வருஷம் மானியம் வந்துச்சா, எவ்வளவு?’ என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள். வரவில்லை என்றால் எச்.எம். கைக்காசைப் போட்டுத்தான் சாக்பீஸ் வாங்கிக்கொண்டிருப்பார். அவரிடம் கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

படி 7: எந்த அலுவலகம் என்று பார்த்து மனு கொடுங்கள்

பள்ளிக்குள்ளேயே முடியாத வேலை என்றால் மனு எழுத வேண்டும். இங்கேதான் பாதி மனுக்கள் வழி தவறுகின்றன. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் கட்டடம் ஒரு துறை, ஆசிரியர் வேறு துறை. கூரை ஒழுகுகிறது, சுவரில் விரிசல் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பி.டி.ஓ. சத்துணவு விஷயமும் அதே அலுவலகம்தான். ஆசிரியர் பணியிடம் காலி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். குடிநீர்க் குழாய், பள்ளி வாசலில் குப்பை என்றால் ஊராட்சி நிர்வாகம். நகரத்தில் என்றால் கட்டடத்துக்கு நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகம்.

மனுவோடு தீர்மானத்தின் நகலை இணையுங்கள். தனி ஆளாக நீங்கள் எழுதும் மனுவுக்கும், குழுத் தீர்மானத்தோடு தலைவர் கையெழுத்திட்டு வரும் மனுவுக்கும் அலுவலகத்தில் கிடைக்கும் மரியாதையே வேறு. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

அசையவில்லை என்றால், ஆகஸ்ட் 15 கிராம சபை. பள்ளி திறந்து சரியாக இரண்டு, இரண்டரை மாதத்தில் வருகிறது. அதே தீர்மானத்தை அங்கே வாசித்துக் கிராம சபைத் தீர்மானமாகவும் ஏற்றச் சொல்லலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417க்கும் அழைக்கலாம். பிள்ளையை அடித்தார்கள், துன்புறுத்தினார்கள் என்பது போன்ற புகாருக்கு மட்டும் மாதக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே 14417 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098.

படி 8: குழுவில் சேர நினைத்தால்

உறுப்பினர் காலம் 2 ஆண்டு. மறுகட்டமைப்பு அன்றைக்குப் பெற்றோரை அழைத்து, பள்ளியிலேயே தேர்ந்தெடுப்பார்கள். பெரும்பாலான ஊர்களில் போட்டியே இருக்காது. வந்து உட்கார்ந்தவர்களில் கை தூக்கியவர்தான் உறுப்பினர். பிள்ளை பள்ளியை விட்டுப் போனால் அந்த இடமும் காலியாகும். ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் ஒரு வருடத்தில் போய்விடுவார்கள் என்பதால், ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பெற்றோர் வந்தால் எச்.எம்.முக்கும் வசதிதான். அம்மாவுக்கு வேலை இருந்தால், பாதுகாவலர் என்ற முறையில் பாட்டியும் வரலாம்.