வட சென்னையில் இத்தாலியச் சாப்பாடு: பலரும் செய்யும் தவறுகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் கப்பல் வேலைக்குப் போய் வந்தவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். ஜெனோவாவிலோ நேப்பிள்ஸிலோ இறங்கி ஒரு தட்டு ஸ்பகெட்டி சாப்பிட்டுவிட்டு வந்தவர், "இங்க அது மாதிரி எங்கப்பா கிடைக்கும்?" என்று ஒரு நாள் கண்டிப்பாகக் கேட்பார். தேட ஆரம்பித்தால் கடைசியில் கைக்கு வருவது வெள்ளை சாஸில் மிதக்கும் பென்னே என்கிற குழல் பாஸ்தா, மேலே ஒரு கைப்பிடி சீஸ், கூடவே ஒரு கெச்சப் பாக்கெட்.

கடையைக் குறை சொல்வதற்கு முன்னால் எதைத் தேடுகிறோம் என்று பார்க்க வேண்டும். இத்தாலி என்றாலே க்ரீமும் சீஸும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. வெண்ணெயும் க்ரீமும் அந்த நாட்டின் வடக்கில்தான் அதிகம். நேப்பிள்ஸ், சிசிலி பக்கம் போனால் ஆலிவ் எண்ணெய், பூண்டு, தக்காளி, மிளகாய், மீன். மைதாவும் பாலும் சேர்த்துக் கிண்டும் வெள்ளை சாஸ் அங்கேயும் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் லசான்யாவின் அடுக்குகளுக்கு நடுவில் போவது. ரோமில் பிறந்த ஆல்ஃப்ரெடோ பாஸ்தாவில் வெண்ணெயும் பர்மிஜானோ சீஸும் மட்டும்தான். கார்பனாரா பாஸ்தாவின் வழவழப்பு முட்டையால் வருவது, க்ரீமால் அல்ல. ஆக, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு க்ரீம் பாஸ்தாவைத் தேடி அலைவது வீண் வேலை. நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தெற்கு இத்தாலியின் கடலோரச் சமையல்.

சௌகார்பேட்டை மின்ட் தெருப் பக்கம் கிடைக்கும் சீஸ் பாஸ்தாவை நான் மட்டம் தட்டவில்லை. வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்களுக்கும் ஏற்ற மாதிரி அவர்கள் கைப்பக்குவத்தில் மாறிப்போன பண்டம் அது. அதன் போக்கில் நன்றாகவே இருக்கிறது. பர்மா பஜார் பக்கம் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் சாப்பிடுகிற யாரும் ரங்கூனில் இப்படியா இருக்கும் என்று சண்டைக்குப் போவதில்லையே. இதையும் அப்படியே விட்டுவிடலாம்.

அடுத்த தவறு, நுங்கம்பாக்கத்திலோ அடையாறிலோ இருக்கும் நல்ல ஹோட்டலிலிருந்து பாஸ்தாவை வீட்டுக்கு வரவழைப்பது. வெந்த பாஸ்தா டப்பாவுக்குள் மூடியிருக்கும் சூட்டில் இன்னும் வேகும், சாஸை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூலக்கடை சிக்னலைத் தாண்டி வருவதற்குள் கட்டியாகிவிடும். வரவழைத்தே ஆக வேண்டும் என்றால் லசான்யா வாங்குங்கள், சூடாக்கினாலும் கெடாது. டிராமிசு என்கிற இனிப்பும் தாங்கும். ஸ்பகெட்டிதான் வேண்டும் என்றால் விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஏறி ஆயிரம் விளக்கில் இறங்கி, அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவது மேல்.

அதைவிட நல்ல வழி, வீட்டிலேயே செய்வது. மளிகைக் கடையில் பாக்கெட் எடுக்கும்போது பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். துரும் கோதுமை ரவை என்று இருக்க வேண்டும். இத்தாலியில் உலர் பாஸ்தாவை அந்த ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். மைதா கலந்த பாக்கெட் சீக்கிரம் குழைந்துவிடும், அப்புறம் நீங்கள் என்ன செய்தாலும் சரியாக வராது.

வேகவைப்பதில் நடக்கும் தவறுகள் வரிசையாக வரும். சின்னப் பாத்திரம், உப்பில்லாத தண்ணீர், ஒட்டாமல் இருக்க ஒரு கரண்டி எண்ணெய், கடைசியில் வடிகட்டிப் பச்சைத் தண்ணீரில் ஓர் அலசு. நூறு கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பத்து கிராம் உப்பு, அதாவது கிட்டத்தட்ட இரண்டு டீஸ்பூன். எண்ணெய் வேண்டாம், போட்டதும் இரண்டு தடவை கிளறிவிட்டால் போதும். அலசவே கூடாது. மேலே படிந்திருக்கும் மாவுச்சத்துதான் சாஸைப் பிடித்துக்கொள்ளும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னாலேயே எடுத்து, மீதி வேக்காட்டை சாஸ் வாணலியில் முடியுங்கள். வடிக்கிற தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வைக்க மறக்காதீர்கள்.

தக்காளிக்கு வருவோம். ரசத்துக்கு நாட்டுத் தக்காளிதான். இதற்குச் சதைப்பற்றுள்ள பெங்களூர் தக்காளி நல்லது. புளிப்பும் தண்ணீரும் குறைவு. வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா எல்லாம் போட்டு வதக்கினால் தொக்கு கிடைக்கும். அதுவும் நல்ல சாப்பாடுதான், ஆனால் தேடியது அது இல்லை.

பேசில் கிடைக்கவில்லை என்று துளசியைக் கிள்ளிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். துளசி வேறு செடி, காரமும் கசப்பும் தூக்கும். திருநீற்றுப் பச்சிலை என்று நம் ஊரில் வளர்வதும் இத்தாலிய பேசிலும் ஒரே இனம், வகைதான் வேறு. வாசனையில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், ஆனால் துளசியை விட எவ்வளவோ கிட்ட வரும். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் சப்ஜா விதை அந்தச் செடியுடையதுதான். மாடித் தொட்டியில் தூவிவிட்டால் முளைக்கும். அடுப்பை அணைத்த பிறகு கையால் கிள்ளிப் போடுங்கள்.

பீட்சாவைப் பற்றி ரொம்பப் பேச ஒன்றுமில்லை. நேப்பிள்ஸில் விறகு அடுப்பு 485 டிகிரியில் ஒன்றரை நிமிடத்துக்குள் சுட்டுவிடும். வீட்டில் இருக்கும் ஓடிஜி மின் அடுப்பு 250-ல் நின்றுவிடும். கைப்பிடி வைக்காத இரும்பு தோசைக்கல்லை உள்ளே வைத்து நன்றாகக் காயவிட்டு அதன் மேல் சுட்டால் அடிப்பக்கமாவது மொறுமொறுப்பாக வரும்.

இனி காசிமேடு. இங்கே வாங்க வேண்டியது கடம்பா, அதாவது கணவாய். தனியாக உட்கார்ந்து மீன் வெட்டிக் கொடுக்கும் அக்காக்களிடம் கொடுத்தால் தோலை உரித்து, ஓடு நீக்கி, வளையமாக நறுக்கித் தருவார்கள். "யக்கா, மைப் பையை உடைக்காம தனியா எடுத்து வெச்சிடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "இத இன்னாத்துக்கு?" என்று ஒரு பார்வை பார்ப்பார்கள், பரவாயில்லை. அந்த மையில் கறுப்பாக ஸ்பகெட்டி செய்வது வெனிஸிலும் சிசிலியிலும் பேர்போன சமையல். அதை இன்னொரு நாள் பார்க்கலாம், இங்கே சொல்வது மை சேர்க்காத செய்முறை.

கடம்பாவில் எல்லோரும் சறுக்குவது நேரத்தில். பெரிய தீயில் இரண்டு நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் விட வேண்டும். நடுவில் எங்கே நிறுத்தினாலும் ரப்பர். இரண்டு பேருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி, கால் கிலோ கடம்பா போதும். நாலு கரண்டி ஆலிவ் எண்ணெயில் ஆறு பல் பூண்டை மெல்லிசாக நறுக்கிப் போட்டு, பொன்னிறமாவதற்குள் இரண்டு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போடுங்கள். பூண்டு கருகினால் எல்லாம் கசக்கும், தூக்கிக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பதுதான் ஒரே வழி. அப்புறம் பொடியாக நறுக்கிய மூன்று தக்காளி. அது குழைந்ததும் தீயைக் கூட்டி, கடம்பா, உடனே அரைவேக்காட்டு ஸ்பகெட்டி, எடுத்துவைத்த தண்ணீரில் அரை டம்ளர். இரண்டு நிமிடம் விடாமல் புரட்டினால் சாஸ் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும்.

இதன் மேல் சீஸைத் துருவாதீர்கள். கடல் உணவுக்கு அங்கே பெரும்பாலும் சீஸ் போடுவதில்லை. பழைய ரொட்டியைத் தூளாக்கி எண்ணெயில் சிவக்க வறுத்துத் தூவுவது சிசிலி வழக்கம், அதுதான் இதற்குப் பொருத்தம். (சீஸ் பேச்சு வந்ததால்: அசல் பர்மிஜானோவை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். சைவக்காரர்கள் பச்சைப் புள்ளி பார்த்து வாங்கவும்.)

மட்டி போட்ட ஸ்பகெட்டி நேப்பிள்ஸின் பெருமை. அந்த ஆசையில் எண்ணூர் முகத்துவாரத்து மட்டியை வாங்கிவிட வேண்டாம். மட்டி தண்ணீரை வடிகட்டியே பிழைப்பது, அதில் இருக்கும் கழிவும் உள்ளே போய்ச் சேரும். ஆலைக் கழிவு போதாதென்று 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எண்ணெயும் கசிந்து பரவியது. எவ்வளவு கழுவினாலும் அதெல்லாம் போகாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் ஐஸில் கிடந்த கடம்பாவுக்கு அதிக விலை கொடுப்பதற்குப் பதில் நெத்திலிக் கருவாடு எடுங்கள். இத்தாலியில் உப்பில் ஊறவைத்த நெத்திலி எண்ணெயில் கரைந்துவிடும், நம்முடையது காய்ந்தது என்பதால் கரையாது. தலையைக் கிள்ளி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, பூண்டோடு எண்ணெயில் மொறுமொறுப்பாக வறுத்து நொறுக்கிப் போடுங்கள். பாஸ்தா வேகும் தண்ணீரில் அன்றைக்கு உப்பைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.