நசுங்கும் தகடு: கணினியில் ஒரு சதுரக் குழாயை மோதிப் பார்ப்போம்

தேக்காவில் வாங்கிய எவர்சில்வர் டப்பா ஒன்றைத் தகடு வெட்டும் கத்தரியால் நடுவே நறுக்கி மைக்ரோமீட்டரில் அளந்தேன். வீட்டில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. அடிப்பகுதி வளைந்து சுவராக எழும் இடத்தில் தகடு மெலிந்திருந்தது. வாய் விளிம்பருகே தடித்திருந்தது. ஒரே தகட்டை அச்சில் வைத்து அழுத்தி இழுத்ததன் விளைவு இது. இழுபட்ட இடம் மெலிவதோடு இறுகியும் போகிறது. காரின் முன்பக்கச் சட்டங்களும் இப்படிப் பிறந்தவைதாம். மோதல் சிமுலேஷன் பழகுபவர்கள் பலரும் தவறவிடுவது இந்தப் பிறப்பு வரலாற்றைத்தான்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் அக்கா மகனுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே எழுதுகிறேன். மென்பொருள் ஓப்பன்ரேடியாஸ். 2022இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது; காசு வேண்டாம், சாதாரண மடிக்கணினி போதும்.

முதலில் காகிதம்

காரின் முன்பக்கச் சட்டத்துக்கு எளிய மாற்றாக, 60 மி.மீ. பக்கம், 1.5 மி.மீ. தடிமன், 300 மி.மீ. நீளம் கொண்ட எஃகுக் குழாய். அதன்மேல் 100 கிலோ எடை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மோதுகிறது. அதன் இயக்க ஆற்றல் 5,000 ஜூல். மடிந்து நசுங்கும் சதுரக் குழாயின் சராசரி விசைக்கு ஒரு சூத்திரம் உண்டு: 13.06 × தகைவு (நசுங்கும் எஃகு ஓர் அலகுப் பரப்பில் காட்டும் எதிர்ப்பு விசை) × பக்கத்தின் 1/3 அடுக்கு × தடிமனின் 5/3 அடுக்கு. தகைவு 250 மெகாபாஸ்கல் என்றால் விசை ஏறக்குறைய 25 கிலோநியூட்டன். ஆகவே குழாய் சுமார் 200 மி.மீ. நசுங்கி, எடை 40 மில்லிவிநாடியில் நிற்க வேண்டும். இந்த எண்களைக் குறித்து வைக்காமல் கணினியைத் தொடாதீர்கள். திரையில் வரும் வண்ணப் படம் எதையும் நம்பவைத்துவிடும்.

வலையும் அலகும்

குழாயை 4 மி.மீ. ஷெல் கூறுகளாக, அதாவது தடிமனை ஓர் எண்ணாக மட்டும் கொண்ட தட்டையான சிறு துண்டுகளாகப் பிரியுங்கள்; அவை சேர்ந்ததே வலை. ஒரு மடிப்பின் நீளம் சுமார் 35 மி.மீ. இருக்கும் என்பதால் அதற்குள் எட்டுக் கூறுகளாவது வரும். இன்னும் நுணுக்கினால் காலப்படி, அதாவது கணினி ஒவ்வொரு கணக்கிலும் முன்னேறும் நேரம், சுருங்கும்: எஃகில் ஒலி விநாடிக்கு 5,000 மீட்டருக்குச் சற்று மேல் ஓடுகிறது; அது ஒரு கூறைக் கடக்கும் நேரமே காலப்படியின் உச்ச வரம்பு. 4 மி.மீ.க்கு அது 0.8 மைக்ரோவிநாடிக்கும் குறைவு. 40 மில்லிவிநாடிக்கே ஐம்பதாயிரம் படிகளுக்கு மேல் ஆகிவிடும்.

மில்லிமீட்டர், டன், விநாடி என்ற அலகுத் தொகுதியில் எஃகின் அடர்த்தி 7.85 × 10⁻⁹. பையன் ⁻⁶ என்று போட்டுவிட்டான். கணக்கு எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் ஓடி முடிந்தது. “மாமா, குழாய் ஏன் இப்படி நடந்துகொள்கிறது?” என்றான். வெளியீட்டுக் கோப்பில் மொத்த நிறையைப் பார்க்கச் சொன்னேன். 850 கிராம் இருக்க வேண்டிய குழாய் 850 கிலோ இருந்தது!

பொருளும் தொடுகையும்

இழுவைச் சோதனை வரைபடத்தை அப்படியே ஊட்டாதீர்கள். இழுக்கும்போது மாறும் குறுக்குவெட்டையும் நீளத்தையும் கணக்கில் கொண்ட உண்மைத் தகைவு, உண்மைத் திரிபாக (திரிபு என்பது நீட்சியின் விகிதம்) மாற்றிய பிறகே கொடுங்கள். வேகமாக இழுத்தால் எஃகு கூடுதலாக எதிர்க்கும் என்பதால் திரிபு வேகத்தின் விளைவையும் சேர்க்க வேண்டும். குழாய் தன்னைத்தானே தொடுவதைக் கணினி உணர்வதற்கான தொடுகை விதியும் தேவை. இல்லாவிட்டால் மடிப்புகள் பேய்போல ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகும்.

இனி பிறப்பு வரலாறு

முறையான வழி, தகட்டை அச்சில் வைத்து அழுத்துவதையே தனியாகச் சிமுலேஷன் செய்து, கிடைக்கும் தடிமனையும் மீளாத் திரிபையும் (விசையை எடுத்த பிறகும் தங்கிவிடும் திரிபு) மோதல் வலைக்கு மாற்றுவது. பழகுவதற்கு அவ்வளவு வேண்டாம். தகடு 10 விழுக்காடு மெலிந்ததாகக் கொள்வோம்: தடிமன் 1.35 மி.மீ. ஒரு திசையில் மட்டும் நீண்டு, குறுக்கே சுருங்காமல் இருந்தால் அதற்கு ஈடான மீளாத் திரிபு 0.12. இந்த இரண்டையும் தொடக்க நிலையாகக் கொடுத்து நான்கு முறை ஓட்டுங்கள்: எதுவும் மாற்றாமல், மெலிவு மட்டும், இறுக்கம் மட்டும், இரண்டும் சேர்த்து.

மெலிவு மட்டும் இருந்தால் மேலே சொன்ன 5/3 அடுக்கின்படி சராசரி விசை சுமார் 16 விழுக்காடு விழும். இறுக்கம் மட்டும் என்றால் விசை ஏறும். தடிமனை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்; என்னைக் கேட்டால், அதற்கு எதையுமே மாற்றாமல் இருப்பது மேல். பாதி வரலாறு விடையை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுகிறது.

ஒவ்வோர் ஓட்டத்திலும் ஆற்றல் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். இயக்க ஆற்றல் இறங்க இறங்க உள்ளாற்றல் ஏற வேண்டும். மணற்கடிகார (hourglass) ஆற்றல் எனப்படும், கூறுகள் இயற்பியலுக்குப் பொருந்தாமல் நெளிவதைத் தடுப்பதில் செலவாகும் போலி ஆற்றல் உள்ளாற்றலில் 5 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த ஓட்டத்தை ஒதுக்கிவிடுங்கள். மிஞ்சியவற்றின் விசைக் கோடுகளை ஒரே படத்தில் வரைந்து, காகிதத்தில் குறித்த 25 கிலோநியூட்டனுக்கும் ஒரு கோடு இழுங்கள். முதல் ஓட்டத்தின் சராசரி அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே இருந்தால் பதற வேண்டாம். திரிபு வேகம் அந்தச் சூத்திரத்தில் இல்லை.