கன்ட்ரோலர் ஸ்டிக் தானாக நகர்கிறதா? வீட்டிலேயே சரிசெய்யலாம்

கையே வைக்காமல் கேமில் இருக்கும் ஆள் தானாக இடது பக்கம் நடக்கிறான், கேமரா மெல்ல வானத்தைப் பார்த்துத் திரும்புகிறது என்றால் அதற்கு டிரிஃப்ட் என்று பெயர். கன்ட்ரோலரில் வரும் பழுதுகளில் பாதிக்கு மேல் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். உடனே புது கன்ட்ரோலருக்குக் காசு போட வேண்டாம். 2013-இல் சோனியின் பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) கன்சோலுடன் வந்த டூயல்ஷாக் 4 கன்ட்ரோலரை வைத்தே இதை விளக்குகிறேன், ஏனென்றால் இன்னமும் நிறைய வீடுகளில் ஓடிக்கொண்டிருப்பது அதுதான், அதன் பாகங்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் கிடைக்கின்றன, ஆன்லைனிலும் கிடைக்கின்றன. வாரண்டி இன்னும் இருக்கிறதா? அப்படியானால் இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள், திறந்துவிட்டால் வாரண்டி போய்விடும்.

ஸ்க்ரூட்ரைவரை எடுக்கும் முன்

பழுது எங்கே என்று தெரியாமல் திறப்பதில் பயனில்லை. கன்ட்ரோலரை யூஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, பிரவுசரில் கேம்பேட் டெஸ்டர் என்று தேடினால் இலவசப் பக்கங்கள் நிறைய வரும், அதில் ஒன்றைத் திறந்து ஒரு பட்டனை அழுத்துங்கள். ஸ்டிக்குகளின் நிலை எண்களாகத் தெரியும். ஆக்ஸிஸ் 0 என்பது இடது ஸ்டிக்கின் இட-வலம், 1 அதன் மேல்-கீழ், 2-உம் 3-உம் அதே வரிசையில் வலது ஸ்டிக்குக்கு. இப்போது கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். எண் சுழியத்தை ஒட்டி, 0.02, 0.03 என்று நின்றால் கவலையில்லை, எல்லா கன்ட்ரோலரிலும் அவ்வளவு இருக்கும்.

இங்கே கொஞ்சம் உன்னிப்பாகப் பாருங்கள். எண் 0.12 என்று விலகி, ஆனால் ஆடாமல் அப்படியே நிற்கிறதா, அல்லது 0.04, 0.19, 0.07 என்று துள்ளிக்கொண்டே இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு பழுதுகள். ஆடாமல் விலகி நின்றால் ஸ்டிக்கின் நடுப்புள்ளி நகர்ந்திருக்கிறது, அதைச் சுத்தம் செய்வதால் பெரிய பலன் இருக்காது, காலிபரேஷன், அதாவது நடுப்புள்ளியை மறுபடி சரியாகப் பதிய வைப்பதுதான் வழி. துள்ளினால் உள்ளே அழுக்கு அல்லது தேய்மானம், அதைத் திறந்துதான் பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நேராகக் கழற்றி, சுத்தம் செய்து, மூடி, 'ஒன்றும் ஆகவில்லையே' என்று புலம்புபவர்கள்தான் அதிகம்.

கன்ட்ரோலர் கன்சோலோடு இணையவே மாட்டேன் என்றால் அது வேறு கதை. பின்பக்கம் எல்2 பட்டனுக்கு அருகில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும், உள்ளே ரீசெட் பட்டன். கன்சோலை அணைத்துவிட்டு, ஊசியாலோ பேப்பர் கிளிப்பாலோ அதை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், பிறகு கேபிளில் இணைத்து, கன்சோலைப் போட்டு, பிஎஸ் பட்டனை அழுத்துங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். பவர் பேங்கோடு இலவசமாக வரும் கேபிள்கள் பலவற்றில் சார்ஜ் போகும் கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா போகாது. விளக்கு எரிகிறதே என்று அந்தக் கேபிளை நம்பிவிடாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் அடியில் இரண்டு சின்ன பொட்டன்ஷியோமீட்டர்கள் இருக்கின்றன, ஒன்று இட-வலத்துக்கு, மற்றது மேல்-கீழுக்கு. கார்பன் பூசிய தடத்தின் மேல் மெல்லிய உலோக விரல்கள் வழுக்கி ஓடும், அவை நிற்கும் இடத்தைப் பொறுத்து வோல்டேஜ் மாறும், அதை 0 முதல் 255 வரையிலான எண்ணாக கன்ட்ரோலர் கன்சோலுக்குச் சொல்லும். பழைய ரேடியோவில் வால்யூமைத் திருகினால் கரகரக்குமே, அந்தக் குமிழுக்குள் இருப்பதும் இதே சாமான்தான். ஓடி ஓடிக் கார்பன் தேயும், தேய்ந்த தூள் விரல்களுக்கு அடியில் சேரும், கை வியர்வையும் தூசியும் கூடவே இறங்கும்.

கழற்றுவது

தேவையானவை: பிஎச்00 அளவில் சின்ன ஸ்டார் ஸ்க்ரூட்ரைவர், பழைய ஏடிஎம் கார்டு அல்லது கிட்டார் பிக், முனை மெல்லிய ட்வீசர், 99 சதவீத ஐசோபிரொபைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சு. மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஆல்கஹாலில் தண்ணீர் கலந்திருக்கும், அது வேண்டாம். துரு எடுக்கும் ஸ்ப்ரேயும் தேங்காய் எண்ணெயும் கட்டாயம் வேண்டாம், எண்ணெய்ப் பசை தூசியை இன்னும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள், ட்ரிகர்களின் ஸ்பிரிங் துள்ளி விழுந்தால் கட்டிலுக்கு அடியில் தேட வேண்டியிருக்காது. பின்பக்க நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். கார்டை கைப்பிடிகளின் கீழ் விளிம்பில் நுழைத்து மெல்ல நெம்பினால் கிளிப்புகள் டக் டக் என்று விடும். விட்டதும் இரண்டு பாதியையும் சட்டென்று பிரித்துவிடாதீர்கள்: பின் மூடியில் இருக்கும் சார்ஜிங் போர்டிலிருந்து மெயின் போர்டுக்கு ஒரு தட்டையான ரிப்பன் ஓடுகிறது. புத்தகத்தைத் திறப்பது மாதிரி லேசாகத் திறந்து, அதை ட்வீசரால் நேராக இழுத்து எடுங்கள். அடுத்து பேட்டரியின் பிளக்கைக் கழற்றுங்கள், கம்பியைப் பிடித்து இழுக்காமல் பிளக்கை நகத்தால் தள்ள வேண்டும். பேட்டரியையும் அதன் தாங்கியையும் எடுத்தால் மெயின் போர்டைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ தெரியும். டச்பேடின் ரிப்பனையும் விடுவித்துவிட்டால் போர்டு தூக்க வரும். அதிர்வு மோட்டார்கள் இரண்டும் கம்பியில் சால்டர் ஆகியிருப்பதால் அவற்றையும் சேர்த்தே தூக்குங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது மூளையைக் கசக்க வேண்டாம்.

பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. வெளியே எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். புதிது வாங்கும்போது கன்ட்ரோலரின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணைப் பாருங்கள், சியூஎச்-இசட்சிடி1, இசட்சிடி2 என்று இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் பேட்டரி பிளக்கின் அளவு வேறு.

சுத்தம் செய்வது

ஸ்டிக்கின் ரப்பர் தொப்பியை நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். உலோகக் கூட்டின் இரண்டு பக்கவாட்டில் பெரும்பாலும் பச்சை நிறத்தில் சின்ன பிளாஸ்டிக் சதுரங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், அவைதான் பொட்டன்ஷியோமீட்டர்கள். சோம்பேறி வழி ஒன்று இருக்கிறது: ஸ்டிக்கை ஒரு பக்கம் சாய்த்து, இடுக்கில் இரண்டு சொட்டு ஆல்கஹால் விட்டு, நாலா பக்கமும் நன்றாகச் சுற்றுவது. பலன் இருக்கும், ஆனால் அழுக்கு வெளியே வராமல் உள்ளேயே இடம் மாறுவதால் கொஞ்ச நாளில் டிரிஃப்ட் திரும்பி வரும்.

சரியான வழி அந்தச் சதுரத்தைத் திறப்பது. மெல்லிய தட்டை ஸ்க்ரூட்ரைவரைக் கூட்டுக்கும் பச்சைப் பகுதிக்கும் நடுவே விட்டு, இரண்டு ஓரத்திலும் மாற்றி மாற்றி லேசாக நெம்புங்கள். அதன் மூன்று கால்கள் கீழே போர்டில் சால்டர் ஆகியிருப்பதால் அது தனியாகக் கழன்று வராது, கால்களைக் கீலாக வைத்து வெளிப்பக்கம் சாயும், அவ்வளவுதான். உள்ளே ஒரு வெள்ளைச் சக்கரம் நழுவி வரும் அளவுக்குச் சாய்ந்தால் போதும், அதற்கு மேல் வளைத்தால் கால் முறியும், திரும்பத் திரும்ப வளைத்தாலும் முறியும்.

வெள்ளைச் சக்கரத்தை ட்வீசரில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அதன் ஒரு முகத்தில் முடி மாதிரி மெல்லிய உலோக விரல்கள் இருக்கும், முனையில் கருப்பாக மாவு ஒட்டியிருந்தால் உங்கள் பழுது அதுதான். பஞ்சை ஆல்கஹாலில் நனைத்து விரல்கள் வளைந்திருக்கும் திசையிலேயே துடையுங்கள், எதிர்த் திசையில் துடைத்தால் நார் மாட்டி விரல் நிமிர்ந்துவிடும். பச்சைப் பகுதியின் உட்புறம் கருப்புத் தடம் இருக்கும், அதையும் அழுத்தாமல் துடையுங்கள். தடத்தின் நடுவில் பளபளவென்று ஒரு கோடு விழுந்து அடிப்பகுதி தெரிகிறதா? கார்பன் போய்விட்டது என்று அர்த்தம், துடைத்துப் பயனில்லை, பாகத்தை மாற்ற வேண்டியதுதான். எந்தச் சதுரம் எந்த அச்சு என்று குழப்பமாக இருந்தால் இரண்டையுமே சுத்தம் செய்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. சக்கரத்தின் நடுத் துளை ஸ்டிக்கின் தண்டில் சரியாக உட்கார்ந்த பிறகே பச்சைப் பகுதியை அழுத்தி மூடுங்கள், ஸ்டிக்கைச் சாய்த்து விட்டால் தடையில்லாமல் நடுவுக்குத் திரும்ப வேண்டும்.

முழுதாக மூடும் முன் பேட்டரியையும் ரிப்பனையும் மட்டும் மாட்டி டெஸ்டரில் பாருங்கள்.

மாட்யூலை மாற்றுவது

தடம் தேய்ந்திருந்தால் இரண்டு வழி. பச்சைச் சதுரமான சென்சார் மட்டும் தனியாக விற்கிறார்கள், மூன்று கால்களை சால்டர் எடுத்து மாற்றினால் போதும், புதிதாகப் பழகுபவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது. முழு மாட்யூல், அதாவது ஸ்டிக்கின் மொத்தக் கூடு என்றால் 14 இடங்களில் சால்டர் எடுக்க வேண்டும். பழையது எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது, அதனால் அதைக் காப்பாற்ற முயலாமல் கட்டிங் பிளையரால் துண்டு துண்டாக வெட்டி எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கி ட்வீசரால் உருவுங்கள். எல்லாக் கால்களையும் ஒரே நேரத்தில் உருக்கித் தூக்கப் பார்ப்பவர்கள்தான் போர்டின் செப்புத் தடத்தையும் பிய்த்துக்கொண்டு வருகிறார்கள்.

ஃபேக்டரியில் வைப்பது ஈயமில்லாத சால்டர், அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். கடையில் கிடைக்கும் 60/40 ஈய சால்டர் 190 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். எனவே ஒவ்வொரு காலிலும் கொஞ்சம் சால்டரிங் பேஸ்ட் (ஃப்ளக்ஸ்) தடவி, புது ஈயத்தை முதலில் சேர்த்து உருக்கினால் கலவை சுலபமாக இளகும், பிறகு சால்டர் சக்கர் என்ற உறிஞ்சு குழாயால் உறிஞ்சுங்கள். சால்டரிங் அயர்ன் 350 டிகிரியில் இருக்கட்டும். உலோகக் கூட்டின் நான்கு கால்கள் கிரவுண்டோடு சேர்ந்திருப்பதால் சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், அங்கே பொறுமை வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள், அது ஈயம். சால்டரிங்கில் கை பழகாதவர்கள் இதே வேலையைப் பழைய ரிமோட் போர்டு ஒன்றில் செய்து பார்த்துவிட்டு வாருங்கள்.

புதியதை வைத்து ஒரு மூலையை மட்டும் சால்டர் செய்து, போர்டோடு ஒட்டித் தட்டையாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு மற்றவற்றை முடியுங்கள்.

மாற்றிய பிறகு நடுப்புள்ளி விலகியிருந்தால் பயப்பட வேண்டாம், பழைய மாட்யூலுக்கான அளவுகள்தான் கன்ட்ரோலரின் நினைவில் இன்னும் இருக்கின்றன. யூஎஸ்பியில் இணைத்து பிரவுசர் வழியாகவே டூயல்ஷாக் 4, பிஎஸ்5-இன் டூயல்சென்ஸ் இரண்டையும் காலிபரேட் செய்யும் இலவசக் கருவி இருக்கிறது, முதலில் தற்காலிகமாக மாற்றிப் பார்த்துவிட்டு, திருப்தியானால் நிரந்தரமாகச் சேமியுங்கள். டூப்ளிகேட் கன்ட்ரோலர்களில் இது பெரும்பாலும் வேலை செய்யாது. காசு கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை என்றால் ஹால் எஃபெக்ட் மாட்யூல் வாங்குங்கள், காந்தமும் சென்சாரும் தொடாமலே வேலை செய்வதால் தேய்வதற்குத் தடமே இல்லை. இதில் புதுமையும் ஒன்றுமில்லை, சேகா 1998-லேயே ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரில் வைத்துவிட்டது. மற்றவர்கள் ஏன் இத்தனை காலம் கார்பனைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்றால், விலைதான் காரணம் என்பேன்.

நின்டெண்டோ ஸ்விட்சின் ஜாய்கான் கன்ட்ரோலர் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம், அதில் ஸ்டிக் சால்டர் ஆகியிருக்காது, ரிப்பனைக் கழற்றிப் புதியதை மாட்டலாம், ஆனால் மூன்று கால் ஒய் வடிவ ஸ்க்ரூட்ரைவர் வேண்டும். எக்ஸ்பாக்ஸுக்கு நடுவில் துளையுள்ள, ஆறு முனை கொண்ட டி8 டோர்க்ஸ் ஸ்க்ரூட்ரைவர் வேண்டும், ஒரு ஸ்க்ரூ பேட்டரி அறையின் ஸ்டிக்கருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

கன்சோலே பழுதானால்

பிஎஸ்4 மெதுவாகிவிட்டது, கேம்கள் திறக்கத் தாமதமாகின்றன என்றால் சேஃப் மோட் போதும். அணைத்த நிலையில் பவர் பட்டனை இரண்டாவது பீப் வரும் வரை, ஏறக்குறைய ஏழு விநாடி, அழுத்திப் பிடித்து, கன்ட்ரோலரைக் கேபிளில் இணைத்து, வரும் மெனுவில் ஐந்தாவதான ரீபில்ட் டேட்டாபேஸைத் தேர்ந்தெடுங்கள், கேம்கள் அழியாது. ஆறும் ஏழும் எல்லாவற்றையும் அழித்துவிடும், அந்தப் பக்கம் கையை வைக்க வேண்டாம். விமானம் மாதிரி இரைந்தால் தூசிதான், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுற்றாமல் குச்சியால் பிடித்துக்கொண்டு புளோவரால் ஊதுங்கள். உள்ளே இருக்கும் பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், 230 வோல்ட் நேராக வரும் இடம் அது, பிளக்கை எடுத்த பிறகும் கெபாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

விளக்கு வெள்ளையாக எரிகிறது, டிவியில் படம் மட்டும் வரவில்லை என்றால் வேறு கேபிள், வேறு டிவி போட்டுப் பார்த்துவிட்டு, எச்டிஎம்ஐ போர்ட்டுக்குள் டார்ச் அடியுங்கள். உள்ளே 19 மெல்லிய பின்கள் வரிசை தப்பாமல் நிற்க வேண்டும். ஒன்று வளைந்திருந்தாலும் அது ஹாட் ஏர் (சூடான காற்றால் சால்டரை உருக்கும் கருவி) வைத்திருக்கும் கடைக்கான வேலை. கொடுக்கும்போது, போர்ட்டை மட்டும் மாற்றினால் படம் வந்துவிடுமா, பக்கத்தில் இருக்கும் எச்டிஎம்ஐ ஐசி என்ற சிப்பையும் சோதித்தார்களா, இரண்டுக்கும் தனித்தனியாக எவ்வளவு ஆகும் என்று வேலையைத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.